பெரிய கடை போனால் வாடகை என்ன ஆகும்? ரண்டல் பார்க் கடைத்தொகுதி: ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மத்திய வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருகிறேன். அவர் ஒரு நாள் கடையைப் பூட்டிய கையோடு என் அறைக்கு வந்து, ஒப்பந்த நகல் ஒன்றை மேசையில் வைத்தார். நிலாவெளிப் பக்கம், ஊருக்கு வெளியே, புதிதாக ஒரு கடைத்தொகுதி கட்டும் யோசனை இருக்கிறது. கீழ்மாடியில் ஒரு கடை, அதற்கு முற்பணம், மாத வாடகை, பராமரிப்புக் கட்டணம் தனி.

"தம்பி, குளிரூட்டி போட்ட கட்டடம். வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது. பெரிய சுப்பர் மார்க்கட் ஒன்றும் வருகிறது என்கிறார்கள். சனம் அங்கேதான் போகும். இப்போது எடுக்காவிட்டால் பிறகு கிடைக்காது" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. கட்டப்படாத கட்டடத்தைப் பற்றி ஆருடம் சொல்வதைவிட, கட்டி, ஓடி, மூடி, இடித்து முடிந்த ஒன்றின் கணக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பது பயன் தரும் என்று தோன்றியது. அப்படித் தேடியதில் அகப்பட்டதுதான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருந்த ரண்டல் பார்க் கடைத்தொகுதி. அந்த அண்ணனுக்காக எழுதத் தொடங்கியது, எங்கள் வீதியில் கடை வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இவ்வளவு நீண்டுவிட்டது.

ஒரு கிராமமும் ஐந்து பெரிய கடைகளும்

கிளீவ்லாந்து நகரின் தென்கிழக்குப் புறத்தில் நோர்த் ரண்டல் என்று ஒரு சிறிய கிராமம். 1970களில் அங்கே சுமார் 1,500 பேர்தான் குடியிருந்தார்கள். ஊரின் அடையாளம் குதிரைப் பந்தயம். பழைய ரண்டல் பார்க் பந்தயத் திடல் இருந்த நிலத்தில்தான் எட்வேர்ட் டிபார்ட்டோலோ தன் கடைத்தொகுதியைக் கட்டினார். அவர் யங்ஸ்டவுன் நகரைச் சேர்ந்தவர். அமெரிக்கா முழுவதும் கடைத்தொகுதிகள் கட்டிய மிகப் பெரிய கட்டுமானக்காரர்களில் ஒருவர். அதே கிராமத்தில் இன்றும் இருக்கும் திஸ்ட்டில்டவுன் பந்தயத் திடலும் அவர் கையில் இருந்தது.

தொகுதி 1976 ஓகஸ்ட் 11 அன்று திறக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 22 இலட்சம் சதுர அடி. ஏக்கரில் சொன்னால் 50. தம்பலகாமத்தில் 50 ஏக்கர் வயலின் ஒரு வரம்பில் நின்று மறு வரம்பைப் பார்த்தவர்களுக்கு அந்த அளவு புரியும். அவ்வளவையும் மாடிகளாக அடுக்கி, கூரை போட்டு, உள்ளே குளிர்காற்று விட்டால் எப்படி இருக்கும்? 200க்கும் மேற்பட்ட கடைகள், 5 பெரும் பல்பொருள் அங்காடிகள். சியர்ஸ், ஜே.சி.பென்னி, மே கம்பனி, ஹிக்பீஸ், ஹோர்ன்ஸ் என்பவை அவற்றின் பெயர்கள். உலகிலேயே பெரிய கடைத்தொகுதி என்று விளம்பரம் செய்தார்கள். சுமார் 5,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். ஊரில் குடியிருந்தவர்களைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

பெரிய கடைகளை அந்தத் தொழிலில் நங்கூரக் கடைகள் என்கிறார்கள். கப்பல் ஒரே இடத்தில் நிற்க நங்கூரம் வேண்டும்; வாடிக்கையாளர் அந்தத் தொகுதிக்கு வரப் பெரிய கடை வேண்டும். தளபாடம் வாங்க சியர்ஸுக்கு வருபவர் வழியில் செருப்புக் கடையையும் நகைக் கடையையும் கடந்து போவார். அதனால் பெரிய கடைக்கு வாடகை மிகக் குறைவு. சில தொகுதிகளில் அவர்களுக்கு நிலமே மலிவாகக் கொடுக்கப்படும். அந்தக் குறையை ஈடுசெய்பவர்கள் சின்னக் கடைக்காரர்கள். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் அவர்கள் கொடுப்பதே பல மடங்கு அதிகம். எங்கள் அண்ணனுக்கு நான் முதலில் காட்டியது இந்த இடத்தைத்தான். சின்னக் கடைக்காரர் கொடுக்கும் வாடகை நான்கு சுவருக்கான விலை மட்டும் அல்ல. பெரிய கடை கூட்டிவரும் சனத்துக்கான விலையும் அதற்குள் இருக்கிறது.

இப்படிக் கட்ட எது தூண்டியது

கடைத்தொகுதி என்ற வடிவத்தை உருவாக்கியவர் விக்டர் குரூவன் என்ற கட்டடக் கலைஞர். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுக்குள் வந்தபின் அமெரிக்காவுக்குத் தப்பியவர். 1956 ஒக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் அவர் வடிவமைத்த சவுத்டேல், முழுதும் மூடிய, குளிரும் வெப்பமும் கட்டுப்படுத்திய முதல் கடைத்தொகுதி. அவர் கனவில் கண்டது ஒரு ஊரின் நடுவிடம். சுற்றிலும் வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம். நடுவில் சனம் கூடிப் பேசும் முற்றம். கட்டியவர்கள் கடைகளையும் வாகனத் தரிப்பிடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். கடைசிக் காலத்தில் குரூவன் அந்தக் கட்டடங்களுக்குத் தன் பெயரைச் சேர்க்கவே விரும்பவில்லை. 1980இல் வியன்னாவிலேயே இறந்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நெடுஞ்சாலைகள் இன்னொரு காரணம். 1956இன் சட்டம் 41,000 மைல் விரைவுச் சாலைக்கு வழி செய்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. நகர நடுவிலிருந்து குடும்பங்கள் வெளியே போனதும் கடைகளும் பின்னால் போயின. இது பலரும் அறிந்த கதை.

பலர் அறியாத காரணம் ஒன்று உண்டு. கணக்கு எழுதுபவன் என்பதால் அதில் சற்று நிற்க விரும்புகிறேன். அது தேய்மானம்: கட்டடம் பழசாகி இழக்கும் பெறுமதியை ஆண்டுதோறும் செலவாக எழுதிக் கழிப்பது.

40 இலட்சம் ரூபாவுக்கு ஒரு கட்டடம் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் 40 ஆண்டு. சமமாகப் பிரித்தால் ஆண்டுக்கு 1 இலட்சம் தேய்மானம். அந்த அளவு இலாபத்துக்கு வரி இல்லை. அமெரிக்காவில் 1954இல் வந்த வரிச்சட்டம், புதுக் கட்டடத்துக்கு இதை இரு மடங்கு வேகத்தில் கழிக்க அனுமதித்தது. முதல் ஆண்டில் 2 இலட்சம், இரண்டாம் ஆண்டில் 1 இலட்சத்து 90 ஆயிரம், மூன்றாம் ஆண்டில் 1 இலட்சத்து 80,500. கட்டடம் உண்மையில் அவ்வளவு தேயவில்லை, கொப்பியில்தான் தேய்ந்தது. ஆனால் வரி உண்மையாகவே குறைந்தது. 1969இல் வர்த்தகக் கட்டடங்களுக்கு அந்த வேகத்தை ஒன்றரை மடங்காகக் குறைத்தார்கள். முழுதாக நீக்கவில்லை.

முதல் சில ஆண்டுகளில் வரிச் சலுகை கொட்டும். பிறகு வற்றும். வற்றும் நேரத்தில் கட்டியவர் அதை விற்றுவிட்டு இன்னும் வெளியே போய்ப் புதிதாகக் கட்டுவதே இலாபம். பழையதைத் திருத்துவதற்கு அந்த அளவு ஊக்கம் இல்லை. வாடிக்கையாளர் போதுமா என்று கேளாமல் தொகுதிக்கு மேல் தொகுதி எழுந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். கட்டுபவருக்கு இலாபம் வரும் காலமும், கடைக்காரருக்கு இலாபம் வர எடுக்கும் காலமும் ஒன்றல்ல.

சனம் குறைந்தது, சதுர அடி கூடியது

கிளீவ்லாந்து நகரில் 1950இல் 9,14,808 பேர் இருந்தார்கள். 1980இல் 5,73,822. 2010இல் 3,96,815. உருக்காலைகளும் தொழிற்சாலைகளும் ஆட்களைக் குறைத்தன. 1978 டிசம்பரில் நகராட்சியே வங்கிக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் தவறியது. நகரை விட்டவர்கள் புறநகருக்குத்தானே போனார்கள், கடைத்தொகுதிக்கு அது நல்லதுதானே என்று கேட்கலாம். நகரையும் புறநகர்களையும் சேர்த்த குயஹோகா மாவட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 1970இல் 17 இலட்சத்து 20 ஆயிரம். 2010இல் 12 இலட்சத்து 80 ஆயிரம். மாவட்டமே சுருங்கியது.

சுருங்கும் மாவட்டத்தில் கடைப் பரப்பு கூடிக்கொண்டே போனது. ரண்டல் பார்க் திறந்து இரண்டே ஆண்டில், 1978இல், வசதி கூடிய பீச்வுட் பகுதியில் பீச்வுட் பிளேஸ் திறந்தது. 1977இல் யூக்ளிட் ஸ்குவெயர். 1990இல் நகர நடுவிலேயே டவர் சிட்டி. வந்து போகும் சனம் அதே சனம்தான். பிரித்துக்கொள்ளும் கைகள் மட்டும் கூடின.

நிறமும் இதில் கலந்திருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்த ஆய்வு பொய்யாகும். கிளீவ்லாந்தின் கிழக்குப் புறநகர்களுக்குக் கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்தபோது, வெள்ளையர் குடும்பங்கள் பல இன்னும் வெளியே போயின. ஆனாலும் நம்பிக்கையோடு பணம் போட்டவர்களும் இருந்தார்கள். கூடைப்பந்து வீரர் மஜிக் ஜோன்சனின் நிறுவனம் 1999இல் ரண்டல் பார்க்கில் திரையரங்கு திறந்தது. திரையரங்குக்கு வருபவர் இரவில் வருவார். படம் முடிந்தால் வீட்டுக்குப் போவார். பகலில் வெறிச்சோடிய கடைகளை அது நிரப்பவில்லை.

நங்கூரங்கள் கழன்ற விதம்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

பெரிய கடைகள் ரண்டல் பார்க்கில் வியாபாரம் குறைந்ததால் மட்டும் போகவில்லை. எங்கோ தலைமையகங்களில் நிறுவனம் நிறுவனத்தை வாங்கியது. ஹிக்பீஸை 1988இல் டில்லார்ட்ஸ் நிறுவனமும் டிபார்ட்டோலோவும் கூட்டாக வாங்கினார்கள். 1992இல் அந்தப் பெயரே மறைந்து டில்லார்ட்ஸ் ஆனது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஹோர்ன்ஸ் கிளீவ்லாந்தை விட்டு விலகியது. மே கம்பனியின் கிளீவ்லாந்துக் கிளை 1993இல் கவுஃப்மன்ஸ் என்ற பெயருக்குள் சேர்ந்தது. முன்பு ஐந்து பெயர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. ஒரே நிறுவனத்துக்கு ஒரே வட்டாரத்தில் பல கிளைகள் சேர்ந்தபின், எதை மூடுவது என்ற கேள்விதான் அடுத்தது. 2000களின் தொடக்கத்தில் ஜே.சி.பென்னியும் டில்லார்ட்ஸும் ரண்டல் பார்க்கை விட்டுப் போயின.

ஒரு பெரிய கடை மூடிய மறுநாள் என்ன நடக்கும்? அந்தப் பக்கத்து நுழைவாயில் பூட்டப்படும். அந்த வழியாக வந்தவர்கள் வரமாட்டார்கள். அந்த நடைவழியில் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய சங்கிலி நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கும்: இன்ன பெரிய கடை மூடினால் என் வாடகை குறையும், அல்லது நான் தவணைக்கு முன்பே விலகலாம். அவர்கள் அந்த விதியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த விதி இல்லாத தனிக் கடைக்காரர் மட்டும் பழைய வாடகையோடு நிற்பார்.

அத்தோடு பராமரிப்புக் கட்டணம் ஏறும். கூரை அதே கூரை. குளிரூட்டி அதே குளிரூட்டி. காவலாளி, விளக்கு, பனி அகற்றல் எதுவும் பாதியாகக் குறையாது. 200 பேர் பங்கிட்ட செலவை 100 பேர் பங்கிட்டால் ஆளுக்கு இரு மடங்கு. இரு மடங்கு தாங்காமல் இன்னும் 30 பேர் போனால், மிஞ்சிய 70 பேருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. உடைமையாளர் அந்தச் செலவை ஏற்காவிட்டால் கூரை ஒழுகும்; ஒழுகும் இடத்தில் வாளி வைப்பார்கள்; வாளியைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த முறை வரமாட்டார்.

2009 மார்ச்சில் தொகுதியின் உட்பகுதி மூடப்பட்டது. திறந்து 33 ஆண்டு முடியவில்லை.

அமேசான்தான் கடைத்தொகுதிகளைக் கொன்றது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வழக்கில் அது பொருந்தாது. ஜே.சி.பென்னி போன காலத்தில் அமெரிக்கச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு ஏறத்தாழ 1 சதவீதம். நோய் அதற்கு முன்பே முற்றிவிட்டது. அமேசான் பிறகு வந்தது, வேறு உருவத்தில். 2014 டிசம்பரில் தொகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் 2018இல் அமேசானின் பண்டகசாலை திறந்தது, சுமார் 8,55,000 சதுர அடியில். யூக்ளிட் ஸ்குவெயர் இருந்த இடத்திலும், அருகில் அக்ரன் நகரில் 1975இல் திறந்த ரோலிங் ஏக்கர்ஸ் இருந்த இடத்திலும் இன்று அதே நிறுவனத்தின் பண்டகசாலைகள்தான். மூன்று இடத்துக்கும் ஒரே முடிவு. நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய ஒற்றை நிலம், ஏற்கனவே இருக்கும் மின்சாரம், லொறி திரும்ப இடம். பண்டகசாலைக்கு வேறென்ன வேண்டும்? கிராமத்துக்கு வேலை திரும்பியது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீண்டு கிடந்த அந்த நடைவழிகளில் கடை வைத்திருந்த ஒருவருக்கும் அங்கே இடமில்லை.

எல்லாத் தொகுதியும் இப்படிச் சாவதில்லை. சவுத்டேல் இன்றும் இயங்குகிறது. பீச்வுட் பிளேஸும் இயங்குகிறது. சுற்றிலும் வசதியான குடிகள் நிலைத்த இடத்தில் கட்டடம் நிலைத்திருக்கிறது.

எங்கள் வீதியோடு வைத்துப் பார்த்தால்

என் அப்பப்பா உட்துறைமுக வீதிப் பக்கம் தையற்கடை வைத்திருந்தார். பிரித்தானியக் கடற்படைக்காரர்களின் வெள்ளைக் காற்சட்டை தைப்பதுதான் பாதி வருமானம். 1957இல் அந்தக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஊரின் மிகப் பெரிய நங்கூரம் அன்று தூக்கப்பட்டது என்று சொல்லலாம். அப்பப்பா கடையை மூடவில்லை. வீட்டில் இன்னும் அவருடைய அளவுக் கொப்பி ஒன்று இருக்கிறது. முன்பக்கங்களில் ஆங்கிலப் பெயர்கள், இடுப்பளவு, கால் நீளம். நடுவில் சில வெற்றுத் தாள்கள். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெயர்கள், சின்னச் சின்ன அளவுகள். சில பெயருக்கு நேரே அடுத்த ஆண்டு வளர்ந்த அளவும் இருக்கிறது. கடை அவருடையது, தையல் இயந்திரம் அவருடையது. யாரிடமும் அனுமதி கேளாமல் மாற முடிந்தது.

2006 ஏப்ரல் 12 அன்று எங்கள் சந்தையில் குண்டு வெடித்தது. அதன்பின் நடந்த வன்முறையில் கடைகள் எரிந்தன; உயிர்கள் போயின. அந்தச் சாம்பலுக்குப் பிறகும் வீதி திறந்தது. ஒரே நாளில் அல்ல. முதலில் ஒருவர் பாதிக் கதவைத் திறந்தார். அதைப் பார்த்து அடுத்தவர். ஒவ்வொருவரும் தன் துணிவையும் தன் கடனையும் கணக்கிட்டுத் திறந்தார்கள். ஒற்றைக் கூரைக்குக் கீழே இருந்திருந்தால், முடிவும் ஒற்றைக் கையில் இருந்திருக்கும்.

இனி அண்ணனின் கடைக் கணக்கு. அவருடைய விற்பனை ஆண்டில் நான்கு முறை ஏறுகிறது. சனவரியில் பள்ளிச் சீருடை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு. நோன்புப் பெருநாள். தீபாவளி. நோன்புக் காலத்து இரவுகளில் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் குடும்பமாக வருகிறார்கள். முன்பு கிண்ணியாவுக்குப் போக இழுவைப் பாதையில் (படகில்) ஏறவேண்டும். 2009இல் பாலம் திறந்தபின் இரவில் திரும்பிப் போவது எளிதாகிவிட்டது. சித்திரைக்குக் கந்தளாயிலிருந்து சிங்களக் குடும்பங்களும் வருகின்றன. இவர்களில் பெரும்பாலானவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, மணிக்கூட்டுக் கோபுரப் பக்கமாக நடந்து, மரக்கறியும் வாங்கி, புடைவையும் எடுத்து, திரும்பவும் பஸ் பிடிக்கிறவர்கள். நிலாவெளி வீதியில் எத்தனை வாகனத் தரிப்பிடம் இருந்தாலும் இவர்களுக்கு அதனால் பயன் என்ன? இரண்டாவது பஸ் பிடித்து அங்கே போவார்களா? போகமாட்டார்கள் என்பதே என் கணிப்பு. உல்லாசப் பயணிகள் போவார்கள். ஆனால் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக்கு அவர்கள் பெரும்பாலும் ஆண்டின் நடு மாதங்களில்தான் வருகிறார்கள். மாரிமழை மாதங்களில் வாடகை நிற்காது.

புதுக் கட்டடமே வேண்டாம் என்பவன் அல்ல நான். மத்திய வீதியில் வெயிலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் குளிர்ந்த இடமும், உட்கார இருக்கையும், சுத்தமான கழிப்பறையும் கிடைத்தால் நல்லதுதான். அந்தத் தேவையை எங்கள் வீதி இன்னும் தீர்த்துவைக்கவில்லை என்பதையும் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும்.

அந்த ஒப்பந்த நகலுக்குத் திரும்பி வந்தோம். பக்கம் பக்கமாக வாசித்தோம். கடைக்காரர் தவறினால் என்ன நடக்கும் என்று பல விதிகள். சுப்பர் மார்க்கட் வராவிட்டாலோ, வந்து இரண்டு ஆண்டில் போனாலோ என்ன நடக்கும் என்று ஒரு வரி இல்லை. பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு இல்லை. கடைகள் பாதி காலியானால் முற்பணம் திரும்புமா என்பதும் இல்லை.

அண்ணன் நீலப் பேனாவை எடுத்து, நகலின் ஓரத்தில் தன் கையெழுத்தில் மூன்று விதிகளை எழுதினார். பெரிய கடை மூடியிருக்கும் மாதங்களுக்கு அரை வாடகை. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. பெரிய கடையின் இடம் ஆறு மாதம் காலியாக நின்றால் முற்பணத்தின் மீதியோடு விலகலாம். எழுதி முடித்து, மத்திய வீதிக் கடையின் வாடகைச் சீட்டையும் அதோடு சேர்த்துப் பின் குத்தினார். பழைய கடையை விடப்போவதில்லை என்று அதைக் காட்டியே அவர்களிடம் சொல்லப்போகிறாராம். திங்கட்கிழமை நகலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பதில் வரும்வரை முற்பணம் கட்டுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.